அணைந்த ஒளி, அணையாத கதிர்

‘ரேடியம்’ என்னும் சொல்லைக் கேளாதவர் நம்முள் எவரும் இலர். வண்டியின் எண்பலகையில் ஒட்டும் பளபளப்பான தாளுக்கு நம் ஊர்களில் ‘ரேடியம் ஸ்டிக்கர்’ என்று பெயர். இந்தப் புனே நகரிலும் அப்படியே. பல்கலைக்கழக வாயிலைத் தாண்டிச் சிறிது தூரம் நடந்தால், ‘ரேடியம்’ என்று மராத்தியில் எழுதிய பலகை தொங்கும் கடைகளைக் காணலாம். அக்கடைகளில் விற்கும் தாளில் ரேடியம் என்னும் தனிமம் அணுவளவும் இல்லை. வண்டி விளக்கின் ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்பும் தாள் அது, அவ்வளவே. ஒரு காலத்தில் இருளில் ஒளிர்வது என்றாலே ரேடியம் பூசிய கடிகாரம்தான் மக்கள் நினைவுக்கு வந்தது. பொருள் போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது.

பெயர் மட்டும் நின்றிருந்தால் இக்கட்டுரையை எழுத வேண்டிய தேவை எனக்கு இராது. பொருளும் சில இடங்களில் நிற்கிறது. அதை நான் அறிந்தது நம் விடுதி அறையொன்றில்.

நம் மன்றத்தைச் சேர்ந்த மூத்த நண்பர் ஒருவர் பொருளியல் ஆய்வு மாணவர். நாங்கள் அவரை அண்ணன் என்றே அழைப்போம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜூனா பஜாருக்குச் சென்று, பழைய கைக்கடிகாரங்களைக் குறைந்த விலைக்கு வாங்கி வருவார். துடைத்து, பழுது நீக்கி, விருப்பமுள்ளவர்களுக்கு விற்பார். உதவித்தொகை தாமதமாகும் மாதங்களில் அவருடைய உணவுக் கட்டணம் அதிலிருந்துதான் போகும். சென்ற மழைக்காலத்தில் ஒரு மாலை அவர் அறைக்குச் சென்றேன். சன்னலோரம் அமர்ந்து ஒரு பழைய சுவிஸ் கடிகாரத்தின் கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தார். டயலில் இருந்த எண்களின்மேல் காய்ந்து பழுப்பேறிய பூச்சைச் சிறு பிளேடால் சுரண்டிக்கொண்டிருந்தார். முட்கள் நெடுங்காலம் அசையாமல் நின்ற இடத்தில், டயலின்மீது அவற்றின் நிழல் போலப் பழுப்பு நிறக் கறை படிந்திருந்தது. பக்கத்தில் புதிய ஒளிர்சாயக் குப்பியும் மெல்லிய தூரிகையும் இருந்தன. சுரண்டிய தூளை அத்தூரிகையால் தட்டிவிட்டார். பிறகு அதன் முனையைக் கூராக்க உதட்டருகே கொண்டுசென்றார்.

“அண்ணா, தூரிகையைக் கீழே வையுங்கள்!” என்றேன்.

“ஏனப்பா பதறுகிறாய்? இது ரேடியம் வாட்ச்தான், எனக்கும் தெரியும். ஆனால் அது அணைந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. விளக்கை அணைத்துப் பார், துளி வெளிச்சம் இல்லை” என்றார்.

நண்பர்களே, அவர் கூறிய இந்த ஒரு வாக்கியத்தில் படித்தவர் பலரும் கொள்ளும் பிழை ஒன்று அடங்கியிருக்கிறது. ‘ஒளி நின்றுவிட்டது, ஆகவே கதிரும் நின்றுவிட்டது’ என்பதே அப்பிழை. அது ஏன் பிழை என்பதையும், அதை உலகம் எவ்வளவு பெரிய விலை கொடுத்துக் கற்றது என்பதையும் இங்குக் காண்போம்.

ரேடியமும் துத்தநாகமும்

1898-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் பாரிஸ் நகரில் மேரி கியூரியும் பியேர் கியூரியும் ரேடியம் என்னும் தனிமத்தைக் கண்டறிந்து அறிவித்தனர். பிட்ச்பிளெண்டு என்னும் யுரேனியக் கனிமத்தில் மிக நுண்ணிய அளவில் அது கலந்திருந்தது. ரேடியத்தின் அணுக்கரு நிலையற்றது. தானாகவே சிதைந்து ஆல்பாத் துகளை வெளியேற்றும். ஒரு கிராம் ரேடியத்தில் நொடிக்கு ஏறக்குறைய 3,700 கோடி அணுக்கள் சிதைகின்றன. கிராமில் பத்து இலட்சத்தில் ஒரு பங்காகிய ஒரு மைக்ரோகிராம் என்றாலும், நொடிக்கு 37,000 அணுக்கள் சிதையும். பல கைக்கடிகாரங்களில் பூசப்பட்ட ரேடியம் இந்த ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவே.

இவ்வளவு சிறிய அளவு ரேடியம் கண்ணுக்குத் தெரியும்படி தானே ஒளி வீசாது. ஒளி வீசுவது அதனுடன் கலக்கும் துத்தநாக சல்பைடு என்னும் உப்பாகும். 1903-இல் ஆங்கில விஞ்ஞானி வில்லியம் குரூக்ஸ், துத்தநாக சல்பைடு பூசிய சிறு திரையை ரேடியத்தின் அருகே வைத்து உருப்பெருக்கி வழியாக நோக்கினார். திரை முழுவதும் சீராக ஒளிரவில்லை. இங்கொன்றும் அங்கொன்றுமாக எண்ணற்ற பொறிகள் தோன்றித் தோன்றி மறைந்தன. ஒவ்வொரு பொறியும் ஓர் ஆல்பாத் துகள் வந்து மோதிய இடம். தனித்தனி அணுவின் சிதைவை மனிதன் கண்ணால் கண்ட காட்சி அது.

அப்பொறி தோன்றும் வகை யாது? ஆல்பாத் துகள் துத்தநாக சல்பைடுப் படிகத்தினுள் பாயும்போது, அங்குள்ள எலெக்ட்ரான்களை அவற்றின் இடத்திலிருந்து மேல்நிலைக்கு எழுப்புகிறது. எழும்பிய எலெக்ட்ரான்கள் மீண்டும் கீழிறங்கும்போது, தாம் பெற்ற ஆற்றலின் ஒரு பகுதியை ஒளியாக வெளிவிடுகின்றன. படிகத்தில் மிகச் சிறிதளவு செம்பைச் சேர்த்தால், எலெக்ட்ரான்கள் அச்செம்பணுக்களின் இடத்தில் இறங்கிப் பச்சை ஒளியைத் தரும். வெள்ளியைச் சேர்த்தால் நீல ஒளி பிறக்கும். ஓர் ஆல்பாத் துகள் ஒரே பாய்ச்சலில் பல்லாயிரம் ஒளித்துகள்களை எழுப்பவல்லது.

ஆகவே ரேடியம் கடிகாரத்தின் பூச்சில் இரண்டு பொருள்கள் உள்ளன என்பதை நினைவில் கொள்ளுங்கள். ஒன்று அடிப்பது, மற்றொன்று அடிபட்டு ஒளிர்வது. இவ்விரண்டின் ஆயுளும் ஒன்றல்ல. பின்னர்க் காணப்போகும் உண்மைக்கு இதுவே திறவுகோல்.

தூரிகையும் உதடும்

முதல் உலகப் போரில் பதுங்கு குழியில் இருந்த வீரனுக்கு இரவிலும் மணி தெரிய வேண்டும். தீக்குச்சி கொளுத்தினால் பகைவனின் குண்டு வரும். எனவே ஒளிரும் டயல்களின் தேவை பெருகியது. அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்து ஆரஞ்சு நகரில் சேபின் வான் சோச்சாக்கி என்னும் மருத்துவர் ரேடியச் சாயம் ஒன்றை உருவாக்கினார். ‘அன்டார்க்’ என்ற பெயரில் அது விற்கப்பட்டது. அதைத் தயாரித்த நிறுவனம் பின்னர் ‘யுனைடெட் ஸ்டேட்ஸ் ரேடியம் கார்ப்பரேஷன்’ என்று பெயர் பெற்றது.

இச்சாயங்களில் ரேடியத்தோடு மீசோதோரியம் என்ற பொருளையும் கலந்தனர். அது ரேடியத்தின் மற்றொரு வகையே. ரேடியம்-228 என்று இன்று கூறுவோம். காஸ் விளக்கின் வலைத்திரிக்காக மோனசைட் மணலிலிருந்து தோரியத்தைப் பிரிக்கும்போது, துணைப்பொருளாக அது கிடைத்தது. அக்காலத்தில் உலகச் சந்தைக்கு மோனசைட் தந்த கடற்கரைகளுள் முதன்மையானவை பிரேசிலும் திருவிதாங்கூரும் ஆகும். திருவிதாங்கூர் மணல் என்பதில் மணவாளக்குறிச்சியும் அடங்கும். அவ்வூர் 1956 முதல் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளது. இவ்வரலாறு நமக்கு முற்றிலும் அயலானதன்று என்பதற்காகவே இதைக் குறிப்பிட்டேன்.

டயல்களுக்குச் சாயம் தீட்டியவர்கள் இளம்பெண்கள். பலர் இருபது வயதும் நிரம்பாதவர்கள். துத்தநாக சல்பைடும் ரேடிய உப்பும் கலந்த பொடியை நீரும் பிசினும் சேர்த்துக் குழைப்பார்கள். ஒட்டக மயிர்த் தூரிகையால் நுண்ணிய எண்களை நிரப்புவார்கள். நாளொன்றுக்கு ஒருவர் சுமார் 250 டயல்கள் தீட்டினார். தீட்டத் தீட்டத் தூரிகையின் முனை விரிந்துவிடும். அதை உதட்டில் வைத்துக் கூராக்கும்படி அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டது. உதட்டில் வை, சாயத்தில் தோய், தீட்டு. மீண்டும் உதட்டில் வை. இவ்வாறு ஒவ்வொரு முறையும் சிறிது சிறிதாக ரேடியம் அவர்கள் வயிற்றுக்குள் சென்றது.

“இதனால் கேடு உண்டா?” என்று அப்பெண்கள் கேட்டபோது, இல்லை என்றே விடை கிடைத்தது. அதே நிறுவனத்தின் வேதியியலார் ஈயத் தடுப்புக்குப் பின்னே நின்று, இடுக்கியால் ரேடியத்தைக் கையாண்டனர். பெண்களோ விளையாட்டாக நகத்திலும் பல்லிலும் சாயத்தைப் பூசிக்கொண்டனர். இரவில் வீடு திரும்பினால் அவர்களுடைய கூந்தலும் ஆடையும் மெல்லென ஒளிர்ந்தன. அக்காட்சியை அழகென்று கண்டவர் பலர்.

எலும்பில் குடிகொண்ட பகை

ஆல்பாத் துகள் வலியற்றது என்று சிலர் கூறுவர். உடலுக்கு வெளியே நின்றால் அது உண்மையே. காற்றில் சில செண்டிமீட்டர் தூரமே அது செல்லும். ஒரு தாள் அதைத் தடுத்துவிடும். நம் தோலின் மேற்புறத்து இறந்த படலமே போதும். உடலுக்குள் புகுந்தாலோ கதை வேறு. அப்பொழுது தடுப்பதற்குத் தாளும் இல்லை, இறந்த தோலும் இல்லை. தன் முழு ஆற்றலையும் சுற்றியுள்ள உயிரணுக்களின்மீதே அது கொட்டுகிறது.

இன்னொரு கேடும் உண்டு. தனிம அட்டவணையை எடுத்துப் பாருங்கள். கால்சியம், ஸ்ட்ரான்ஷியம், பேரியம், ரேடியம் ஆகிய நான்கும் ஒரே நிரலில் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கின்றன. வேதியியல் குணத்தில் அவை உறவினர். விழுங்கிய ரேடியத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குடலிலிருந்து இரத்தத்தில் சேரும். உடல் அதைக் கால்சியம் என்று எண்ணி எலும்பில் கட்டிவிடும். ஒருமுறை எலும்பில் அமர்ந்த ரேடியத்தில் பெரும்பகுதி ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருந்து, இரவும் பகலும் அடித்துக்கொண்டே இருக்கும்.

முதலில் பற்கள் வலித்தன. மருத்துவர் பல்லைப் பிடுங்கினால் புண் ஆறவில்லை. தாடை எலும்பு அழுகி உதிர்ந்தது. மோலி மாகியா என்ற பெண் 1922 செப்டம்பரில் இறந்தார். அவர் இறப்புக்கு மேக நோய் காரணம் என்று எழுதினர். உயிரோடு சேர்த்து அப்பெண்ணின் நற்பெயரையும் பறித்த சான்றிதழ் அது. 1927-இல் அவர் உடலைத் தோண்டி எடுத்துச் சோதித்தபோது எலும்புகளில் கதிரியக்கம் இருந்தது. மேக நோயின் அடையாளம் இல்லை.

இதற்கிடையில், 1924-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் சிசில் டிரிங்கர் அத்தொழிற்சாலையைச் சென்று ஆராய்ந்து, நோய்க்குக் காரணம் ரேடியமே என்று நிறுவனத்துக்கு அறிக்கை அளித்தார். அவ்வறிக்கையை நிறுவனம் வெளியிடவில்லை. அதற்கு மாறான செய்தியையே அரசின் தொழில்துறைக்குத் தந்தது. டிரிங்கர் 1925-இல் அதைத் தாமே வெளியிட்டார். அவ்வாண்டிலேயே ஹாரிசன் மார்ட்லண்டு என்னும் மருத்துவர், நோயுற்ற பெண்களின் மூச்சிலேயே ரேடான் வாயு இருப்பதை அளந்து காட்டினார். ரேடியம் சிதைந்து பிறக்கும் வாயு அது. எலும்பில் ரேடியம் இருந்தாலன்றி மூச்சில் அது எவ்வாறு வரும்? இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா? சாயத்தை உருவாக்கிய சோச்சாக்கியும் 1928 நவம்பரில் கதிரியக்கத்தால் வந்த இரத்தக் குறைவு நோயால் இறந்தார்.

நீதிமன்றத்தில் ஐவர்

கிரேஸ் பிரையர் என்பவர் 1917-இல் அத்தொழிற்சாலையில் சேர்ந்தவர். பின்னர் வங்கியொன்றில் பணியாற்றினார். பற்களும் முதுகெலும்பும் கெட்ட நிலையில், தமக்காக வாதாட ஒரு வழக்கறிஞரைத் தேடியே இரண்டாண்டுகள் அலைந்தார். 1927 மே மாதத்தில் ரேமண்டு பெர்ரி என்ற இளம் வழக்கறிஞர் வழக்குத் தொடுத்தார். எட்னா ஹஸ்மன், காத்தரீன் ஷாப், மோலியின் உடன்பிறந்தவர்களாகிய குவின்டா மெக்டொனால்டு, ஆல்பினா லாரிஸ் ஆகிய நால்வரும் கிரேஸுடன் சேர்ந்தனர். விசாரணைக்கு வந்தபோது, சத்தியப் பிரமாணம் செய்யக் கையை உயர்த்தவும் சிலரால் இயலவில்லை.

நிறுவனம் ‘காலம் கடந்த வழக்கு’ என்று வாதிட்டது. விசாரணை மாதக்கணக்கில் தள்ளிவைக்கப்பட்டது. செய்தித்தாள்கள் கொதித்தெழுந்தன. 1928 ஜூனில் உடன்பாடு ஏற்பட்டது: ஒவ்வொருவருக்கும் 10,000 டாலர், வாழும்வரை ஆண்டுக்கு 600 டாலர், மருத்துவச் செலவு. இல்லினாய் மாநிலத்து ஒட்டாவா நகரில் வேறொரு நிறுவனத்தில் டயல் தீட்டிய காத்தரீன் டானஹியூ, 1938-இல் எழுந்து நிற்கவும் இயலாத நிலையில் தம் வீட்டிலேயே சாட்சியம் அளித்தார். தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. அவ்வாண்டு ஜூலையில் அவர் இறந்தார். நிறுவனத்தின் கடைசி முறையீட்டை 1939-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது.

இப்பெண்களின் துன்பத்திலிருந்து பிறந்த எண் ஒன்று உண்டு. மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ராப்லி எவான்ஸ், டயல் தீட்டியவர்களின் உடலில் தங்கிய ரேடியத்தை அளந்தார். யார் உடலில் எவ்வளவு, யாருக்கு நோய், யாருக்கு இல்லை என்று ஒப்பிட்டார். அதன் பயனாக 1941-இல், மனித உடலில் தங்கலாகும் ரேடியத்தின் மேல் எல்லை 0.1 மைக்ரோகிராம் என்று அமெரிக்காவில் வரையறுக்கப்பட்டது. உடலுக்குள் புகும் கதிரியக்கப் பொருளுக்கு மனித எலும்பின் சான்றைக்கொண்டு வகுத்த எல்லை இது. இரண்டாம் உலகப் போரில் புளூட்டோனியத்தோடு பணிபுரிந்தவர்களுக்கான எல்லையும் இதை அடியொற்றியே வகுக்கப்பட்டது. உயிரோடிருந்த பெண்களைப் பின்தொடர்ந்து நடந்த ஆய்வு 1993 வரை நீடித்தது.

‘ஆய்வகத்தில் உண்ணாதே, பருகாதே, எதையும் வாயில் வைக்காதே’ என்ற அறிவிப்பு எங்கள் துறைச் சுவரிலும் ஒட்டப்பட்டிருக்கிறது. முதலாண்டு முழுவதும் அதை ஒரு பழைய தாள் என்றே கருதி நான் கடந்து சென்றேன். இந்த வரலாற்றைப் படித்தபின் அவ்வாறு கடந்துசெல்ல இயலவில்லை.

அடிப்பவர் கை ஓயவில்லை

இப்போது நம் அண்ணன் கேட்ட கேள்விக்கு வருவோம். விளக்கை அணைத்தால் டயல் இருண்டு கிடக்கிறதே. ரேடியம் தீர்ந்துவிட்டது என்றுதானே பொருள்?

இல்லை. ரேடியம்-226-இன் அரை ஆயுள் 1,600 ஆண்டுகள். அதாவது இன்றுள்ள அணுக்களில் பாதி சிதைய 1,600 ஆண்டுகள் ஆகும். நூறு ஆண்டுக்கு முன் பூசிய ரேடியத்தில் இன்று எவ்வளவு மீதி இருக்கும்? கணக்கிட்டால் நூற்றுக்கு 96 பங்கு என்று வரும். நூறாண்டில் நான்கு பங்கே குறைந்திருக்கிறது.

பின் ஒளி ஏன் அணைந்தது? முன்னே இரண்டு பொருள்கள் என்று சொன்னேன் அல்லவா? அணைந்தது துத்தநாக சல்பைடு. ஓயாமல் வந்து மோதும் ஆல்பாத் துகள்கள் அப்படிகத்தின் ஒழுங்கான அடுக்கைக் குலைத்துவிடுகின்றன. சில ஆண்டுகளிலேயே ஒளி மங்கத் தொடங்கும்; சில பத்தாண்டுகளில் முற்றும் மறையும். தவிலின் தோல் கிழிந்துபோனால் ஓசை நின்றுவிடும். அதனால் அடிப்பவர் கை ஓய்ந்துவிட்டது என்று ஆகுமா?

அன்றிரவே இதை அண்ணனுக்கு வாயால் சொன்னேன், அவர் சிரித்தார். மறுநாள் கடிகாரத்தை மூடி, இரண்டு பைகளில் இட்டு, ஆசிரியரின் இசைவோடு எங்கள் ஆய்வகத்துக்குக் கொண்டுசென்றோம். கைகர் கருவி வெறுமையாக இருந்தபோது நிமிடத்துக்கு 24 எண்ணிக்கை காட்டியது. சுற்றுப்புறத்தில் இயல்பாக உள்ள கதிரியக்கம் அது. கடிகாரத்தை அருகே வைத்ததும் கருவி மழை பெய்வதுபோல் ஒலித்தது. நிமிடத்துக்கு 900-ஐத் தாண்டியது. கண்ணாடி ஆல்பாவைத் தடுத்துவிடும். ஆனால் ரேடியத்தின் வழித்தோன்றல்கள் வெளியிடும் காமாக் கதிரைத் தடுக்காது. அண்ணன் அதன்பின் ஒன்றும் பேசவில்லை. சிறிது நேரம் கழித்து, “இதற்குமுன் இரண்டு வாட்சைச் சுரண்டியிருக்கிறேனப்பா” என்றார்.

அவர் மேசையின் ஒரு மூலையிலும் கருவி ஒலித்தது. பல்கலைக்கழகத்தின் கதிரியக்கப் பாதுகாப்பு அலுவலர் வந்து, ஈரத்துணியால் அதைத் துடைத்து, துணியையும் தூரிகையையும் பிளேடையும் கடிகாரத்தையும் முறைப்படி எடுத்துச் சென்றார். அண்ணன் இன்று நலமாகவே இருக்கிறார். ஆனால் எத்தனை முறை தூரிகையை உதட்டில் வைத்தோம் என்று அவர் எண்ணிப் பார்த்த இரவுகள் உண்டு என்பதை நான் அறிவேன்.

பின்வந்த ஒளிகள்

1960-களில் கடிகாரத் தொழில் ரேடியத்தைக் கைவிடத் தொடங்கியது. அதன் இடத்தில் டிரிட்டியம் வந்தது. இது ஹைடிரஜனின் கனமான வகை. அரை ஆயுள் 12.3 ஆண்டுகள். இது வெளியிடும் பீட்டாத் துகள் மிக வலுக்குறைந்தது. தோலையும் கடிகாரக் கண்ணாடியையும் அதனால் ஊடுருவ இயலாது. பழைய சுவிஸ் டயலின் அடியில் ‘சுவிஸ்’ என்ற சொல்லின் இருபுறமும் ஆங்கில ‘டி’ எழுத்து இருந்தால் அது டிரிட்டியத்தைக் குறிக்கும். ‘டி’ எழுத்தை அடுத்து ‘25-க்குக் குறைவு’ என்ற குறி இருந்தால், டிரிட்டியம் 25 மில்லிகியூரிக்கு உட்பட்டது என்று பொருள். அறுபது ஆண்டு கழிந்த டிரிட்டியம் பூச்சில் முப்பதில் ஒரு பங்கே எஞ்சியிருக்கும். அங்கே அடிப்பவர் கையே ஓய்ந்துவருகிறது. ரேடியத்துக்கும் இதற்கும் உள்ள வேற்றுமையைக் காண்க. புரோமீத்தியம்-147 என்ற பொருளையும் சிலர் பயன்படுத்தினர். அதன் அரை ஆயுள் 2.6 ஆண்டுகளே, பத்தாண்டில் நூற்றுக்கு ஏழு பங்கே மிஞ்சும்.

1993-இல் ஜப்பானில் நெமோட்டோ நிறுவனத்தார் கதிரியக்கமே இல்லாத வழியைக் கண்டனர். ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட் என்னும் பொருளில் சிறிதளவு யூரோப்பியமும் டிஸ்ப்ரோசியமும் சேர்த்தனர். பகல் வெளிச்சத்தில் எழும்பும் மின்னூட்டங்கள் அப்படிகத்தின் ஆழமான பள்ளங்களில் சிக்கிக்கொள்கின்றன. பிறகு, சுற்றுப்புற வெப்பத்தின் தூண்டுதலால் ஒவ்வொன்றாக விடுபட்டு, இரவு முழுவதும் சிறுகச் சிறுக ஒளியைத் தருகின்றன. பகலில் சேமித்து இரவில் செலவிடும் இச்சாயத்துக்கு அடிப்பவர் எவரும் தேவையில்லை. இன்றைய கடிகாரங்களில் மிகுதியாக இருப்பது இவ்வகையே. அண்ணன் குப்பியில் வைத்திருந்த புதிய சாயமும் இதுவே. கேடு புதிய சாயத்தில் இல்லை. சுரண்டிய பழைய தூளில் இருந்தது.

நாம் செய்ய வேண்டியவை

தாத்தாவின் கடிகாரம் வீட்டுப் பெட்டியில் இருக்கிறதே என்று அஞ்ச வேண்டா. மூடிய நிலையில் ஒரே ஒரு பழைய கடிகாரம் பெருங்கேடு செய்வதில்லை. திறப்பதிலும் சுரண்டுவதிலும் தூளை உட்கொள்வதிலுமே தீங்கு இருக்கிறது. எனவே சில விதிகளை மனத்தில் வைப்போம்.

முதலாவது, 1970-க்கு முற்பட்ட கடிகாரத்தின் எண்களிலோ முட்களிலோ பழுப்பேறிய பூச்சு இருந்தால், சோதிக்கும்வரை அதை ரேடியம் என்றே கொள்ளுங்கள். இருளில் ஒளிராமை அதற்கு மறுப்பன்று.

இரண்டாவது, அதைத் திறக்காதீர்கள். பூச்சைச் சுரண்டவோ ஊதவோ தேய்க்கவோ வேண்டா. உடைந்த கண்ணாடி இருந்தால் இறுக மூடிய பையில் இட்டு வையுங்கள். கையைச் சோப்பிட்டுக் கழுவுங்கள்.

மூன்றாவது, பலவற்றைச் சேர்த்துக் காற்றோட்டமில்லாத அறையில் வைக்காதீர்கள். பிரிட்டனில் முப்பது ரேடியம் கடிகாரங்களைக்கொண்டு நடத்திய ஆய்வு 2018-இல் வெளிவந்தது. காற்றோட்டமற்ற அறையில் அவற்றால் சேரக்கூடிய ரேடான் வாயு, அந்நாட்டில் வீடுகளுக்கு வகுத்த எல்லையைப்போல் நூறு மடங்குக்கு மேல் என்று அதில் கண்டனர்.

நான்காவது, ஐயம் இருந்தால் இயற்பியல் துறைக்குக் கொண்டுவாருங்கள். கைகர் கருவி ஒரு நிமிடத்தில் விடை சொல்லும். டிரிட்டியம் என்றால் கண்ணாடிக்கு வெளியே கருவி மௌனமாக இருக்கும். ரேடியம் என்றால் பேசும். ரேடியம் என்று தெரிந்தால் பாதுகாப்பு அலுவலரிடம் ஒப்படையுங்கள். குப்பைத் தொட்டியில் எறிய வேண்டா. எறிந்தால் என்ன ஆகும் என்பதைச் சுவிட்சர்லாந்து அறியும். கடிகாரத் தொழில் செழித்த பீல் நகரில் நெடுஞ்சாலைப் பணியின்போது ரேடியக் கழிவு வெளிப்பட்டது. முன்னாளில் வீடுகளிலேயே டயல் தீட்டிய பெண்கள் அங்கும் உண்டு. 2015 முதல் அந்நாட்டு அரசு ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்களைத் தேடிச் சோதிக்கத் திட்டமிட்டுச் செயலாற்ற வேண்டியதாயிற்று.

ஒளியைக் கண்டு மயங்கியவர்கள் ஒரு தலைமுறையினர். ஒளியைக் காணாமையால் ஏமாறக்கூடியவர்கள் நாம். கண்ணுக்குத் தெரிவது ஒன்று, நிகழ்வது மற்றொன்று என்னும்போது நமக்குத் துணை அளவீடு ஒன்றே. மார்ட்லண்டு பெண்களின் மூச்சை அளந்தார். எவான்ஸ் அவர்கள் எலும்பை அளந்தார். அவ்வளவு துன்பத்தில் விளைந்த அறிவை ஒரு தூரிகை முனையில் நாம் மறந்துவிடலாகாது.

அண்ணன் இப்பொழுதும் ஞாயிறுதோறும் ஜூனா பஜாருக்குச் செல்கிறார். கடிகாரம் எதையும் வாங்குமுன் எனக்குத் தொலைபேசியில் படம் அனுப்புகிறார். பூச்சு பழுப்பாக இருந்தால், விலை கேளாமலே கீழே வைத்துவிட்டு வருகிறார். நம் விடுதிகளில் அவரைப்போல் இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்களோ! இக்கட்டுரை அவர்கள் கைக்குச் சேரட்டும்.